பதிவேட்டைப் பேணியவர்

எனக்கு வரி இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதற்காகத்தான் கடிதம் அனுப்பியிருந்தார்கள்.

கடிதத்தின் தலைப்பில் ‘மாத்தளை வரியின்மை உறுதிப்படுத்தல் அலுவலகம்’ என்று இருந்தது. அப்படி ஓர் அலுவலகம் இருப்பது அன்றுதான் எனக்குத் தெரியும். வரி கட்டுகிறவர்களுக்கு வேறு அலுவலகம். கட்டத் தேவையில்லாதவர்கள், ஏன் தேவையில்லை என்பதை இங்கே வந்து நிரூபிக்க வேண்டும். ஏப்ரலில் தொடங்கிய கடந்த வருமான ஆண்டின் மூலப் பதிவேடுகளுடன் ஏழு நாட்களுக்குள் நேரில் வரவும் என்று எழுதியிருந்தது. கடிதம் வந்து சேர எட்டு நாட்கள் எடுத்திருந்தது.

நான் எழுத்து வேலை செய்கிறவன். நிரந்தர முதலாளி இல்லை. சீகிரியா ஹோட்டல்களுக்கு மெனு எழுதுவேன். கோயில் தேருக்குத் துண்டுப்பிரசுரம், காணிப் பிரச்சினை உள்ளவர்களுக்கு மனு, அச்சகத்துக்குக் கல்யாண அழைப்பும் மரண அறிவித்தலும். எப்போதாவது பத்திரிகைக்கு ஒரு கட்டுரை.

பதிவேடு என்று இருந்தது கெட்டி அட்டை போட்ட ஒரு சீ.ஆர். கொப்பி. அதை எழுதியது கொறற்றி. முழுப்பெயர் மரிய கொறற்றி. என் மனைவி. பெப்ரவரி எட்டாம் திகதி இறந்தாள். வயது முப்பத்தொன்று.

அவள் ஆடைத் தொழிற்சாலையில் தையல் பரிசோதிக்கிற வேலை பார்த்தவள். பின் குத்தினால் துருப்பிடிக்கும், பசை ஒட்டினால் பூச்சி அரிக்கும் என்பாள். அதனால் ஒவ்வொரு பற்றுச்சீட்டையும் அந்தந்தத் திகதிக்குரிய பக்கத்தில் வைத்து, மெஷினில் ஒரு தையல் ஓட்டிவிடுவாள். நீல நூல். ஓரத்தில் ஒரு விரற்கடை விட்டு, நேராக. பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதுவாள். ‘இந்தக் கட்டுரை அவ்வளவு நன்றாக இல்லை. ஆனாலும் காசு தந்துவிட்டார்கள்.’ இப்படி.

எட்டு மாதமாக அந்தக் கொப்பி என் மேசையில் கிடந்தது. சாப்பாட்டுக்குத் தேவையான அளவு மெனு எழுதினேன். மற்ற நேரத்தில் கொப்பியைத் திறந்து, அவள் எழுத்தின் மேல் விரலை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். ‘க’வுக்கு எங்கே தொடங்குவாள், ‘ற’வின் வாலை எங்கே நிறுத்துவாள் என்பதெல்லாம் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

அதை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக்கொண்டு போனேன்.

அலுவலகம் ஒரு மசாலாக் கடைக்கு மேலே இருந்தது. படியெல்லாம் கராம்பு வாசம். கருமபீடத்தில் ஜுனைதா என்று பெயர்ப்பலகை வைத்த பெண் உட்கார்ந்திருந்தார்.

“ஏழு நாள் போட்டீக்கி. நீங்க ஒன்பதாம் நாள் வந்தீக்கிறீங்க.”

“எட்டாம் நாள்தான் மிஸ் கடிதமே வந்துச்சு.”

“அது தபாலோட பிழை. தபாலுக்கு நாங்க கடிதம் அனுப்ப ஏலாது. உங்களுக்குத்தான் அனுப்ப ஏலும். தாமதத்துக்கு விளக்கம் எழுதுங்க.”

எழுதினேன். அதற்குப் பிறகு படிவம் ஏழைத் தந்தார். நான்காவது கேள்வி: பதிவேட்டைப் பேணியவர் யார்? மரிய கொறற்றி, மனைவி என்று எழுதினேன். எங்கள் வீட்டில் எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்த விஷயங்களில் அது ஒன்று.

ஜுனைதா கொப்பியைத் திறந்தார். தையலை விரலால் தடவினார்.

“மெஷின் தையலா? மாஷா அல்லாஹ், எவ்வளவு நேரா ஈக்கி.” உடனே முகம் மாறியது. “ஆனா இது பைல்ல போக ஏலாதே. பில் எல்லாம் தனித்தனியா எடுத்து ரெண்டு ஓட்டை போடணும். அவங்களும் வந்து கையொப்பம் வைக்கணும். வேலைக்குப் போறவங்களா?”

“இப்ப இல்ல.”

படிவத்தை அவர் பக்கம் தள்ளினேன். உள்ளே போகச் சொன்னார்.

உள்ளே உதவிப் பணிப்பாளர் விஜேந்திரன் இருந்தார். நல்ல மனிதர். எழுந்து கைகொடுத்தார். தேநீர் வேண்டுமா என்று கேட்டார். தேநீர் வரவில்லை.

“பயப்படாதீங்க தம்பி,” என்றார். “இந்த ஆபீஸ் தொறந்து ஆறு வருஷம். இதுவரைக்கும் அரசாங்கத்துக்கு ஒரு சதம் எடுத்துக் குடுத்ததில்ல. ஒரு சதம் எடுத்தாலும் அது எங்க தோல்வி. போன வருஷம் நாலாயிரம் பேருக்கு வரி இல்லைன்னு நிரூபிச்சோம். அதுல பாதிப் பேருக்கு இங்க அலைஞ்சே வேலை போயிருச்சு. அவங்க கேஸ் எல்லாம் இப்ப ரொம்ப சுலபம். பார்த்த உடனேயே தெரியுது, வரி இல்லைன்னு.”

கொப்பியைத் திறந்தார்.

“மே பன்னிரண்டு. ‘நோபர்ட் யோசித்தார். வருமானம் இல்லை.’ இது என்ன?”

“அன்னிக்கு எழுதல சேர். யோசிச்சேன்.”

“எத்தனை மணித்தியாலம்?”

“நாள் முழுக்க.”

“எதைப் பத்தி?”

“ஹோட்டல் மெனு ஒண்ணு. தேங்காய்ச் சம்பலை வெள்ளைக்காரருக்கு எப்படிச் சொல்றதுன்னு.”

“அந்த யோசனை வித்துச்சா?”

“பதினாலாம் திகதி மெனுவுக்குள்ள போட்டேன்.”

“அப்ப பன்னிரண்டாம் திகதி அது இருப்பு. வித்துப் போகாத சரக்கு. இருப்புக் கணக்குல காட்டியிருக்கணும்.” பேனையை எடுத்தார். “இப்ப கையில எவ்வளவு யோசனை இருக்கு?”

“ஒண்ணும் இல்ல சேர்.”

‘இல்லை’ என்று எழுதிக்கொண்டார். அன்று அந்த அலுவலகத்தில் பதிவான எல்லாவற்றிலும் அதுதான் மிகச் சரியானது.

“ஓகஸ்ட். வில்கமுவ. காணி மனு. ‘காசு இல்லை, அரிசி தந்தார்கள். பத்துக் கிலோ. நல்ல அரிசி.’ எங்க அந்த அரிசி?”

“சாப்பிட்டுட்டோம் சேர்.”

“யார் யாரு?”

“நானும் மனைவியும்.”

“எந்த விகிதத்துல? உங்க பங்கு உங்க வருமானம். அவங்க பங்கு நீங்க குடுத்த நன்கொடை.”

“பாதிக்குப் பாதி.”

அது பொய். ஓகஸ்ட் மாதம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டு, மீதியைப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, முழுதாகச் சாப்பிட்டவளைப்போல தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள். கோழிகளின் பங்கை எந்தப் பத்தியில் போடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பாதிக்குப் பாதி பதிவானது.

“செப்டம்பர்ல இருந்து கண்டி பஸ் டிக்கட்டா இருக்கு. எண்ணிட்டேன். தைச்சது நாப்பத்தி நாலு. ரெண்டு பேர், போக வர, பதினொரு தடவை. கண்டியைப் பத்தி ஏதும் எழுதினீங்களா?”

“இல்ல சேர். கிளினிக்குக்குப் போனது.”

“அதான் பக்கத்துல ‘கணக்கில் சேராது’ன்னு எழுதியிருக்காங்க. சரி. ஆனா கணக்குல சேராததை எதுக்குத் தைக்கணும்?”

எட்டு மாதமாக நானும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கேட்ட கேள்விகளில் எனக்கும் பதில் வேண்டியிருந்தது அது ஒன்றுக்குத்தான்.

“கடைசியா ரெண்டு டிக்கட் தைக்காம நடுவுல கிடக்குது. போனது மட்டும். திரும்பி வந்த டிக்கட் எங்க?”

“பஸ்ல வரல்ல சேர். வேன்ல வந்தோம்.”

“வேனுக்கு பில்?”

“மலர்ச்சாலை வேன். சவப்பெட்டிக் காசோட சேர்ந்தது. தனியா பில் தரல.”

விஜேந்திரன் நிமிர்ந்து பார்த்தார். பேனையைக் கீழே வைத்தார்.

“ஆழ்ந்த அனுதாபங்கள் தம்பி,” என்றார். உண்மையாகவே சொன்னார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார்.

“அப்ப இது அதுதானா? நப்லான் அச்சகத்தோட பதிவேட்டுல இருந்து எடுத்தது. பெப்ரவரி ஒன்பது. மரண அறிவித்தல். எழுதியவர் நோபர்ட். உங்க கொப்பி பெப்ரவரி ரெண்டோட நிக்குது. ஒரு வேலையை மறைச்சிட்டீங்கன்னு நினைச்சோம்.”

“அது அவங்களோட அறிவித்தல் சேர்.”

“சாதாரணமா அறிவித்தலுக்கு எவ்வளவு வாங்குவீங்க?”

“ஆயிரத்து ஐந்நூறு.”

“அப்ப அந்தப் பெறுமதியை வருமானமா காட்டணும். சும்மா எழுதினாலும் பெறுமதி பெறுமதிதான். இல்லாட்டி நாளைக்கு எல்லாரும் சொந்தக்காரங்களுக்கு மட்டும் எழுத ஆரம்பிச்சிருவாங்க.” மறுபடி பேனையை எடுத்தார். “இதைப் பதிவு செய்யத் தவறினது யாரு?”

“பதிவு செய்யிறவங்கதான் சேர் அந்த அறிவித்தல்ல இருந்தாங்க.”

அதையும் எழுதிக்கொண்டார். ‘பதிவாளர் கடமையில் இருக்கவில்லை.’

அதன் பிறகு படிவம் ஒன்பதைப் பற்றி விளக்கினார். பதிவேட்டைப் பேணியவர் இறந்துவிட்டால், அதற்கு விளக்கம் சொல்ல ஆள் இல்லை. விளக்கம் இல்லாத பதிவேடு அலுவலகத்துக்குச் சொந்தம். ஐந்து வருடம் வைத்திருப்பார்கள். அதன் பிறகு அரைத்துவிடுவார்கள்.

“விளக்கம் நான் சொல்றேன் சேர். இப்பவும் நான்தானே சொன்னேன்.”

“நீங்க வரியில்லாதவர் தம்பி. அவங்க பதிவாளர். ரெண்டும் வேற வேற.”

“எனக்கு அந்தக் கொப்பி வேணும் சேர். வேற எதுவும் வேணாம். வரி போடுங்க. கட்டுறேன்.”

அவர் அதிர்ந்துபோனார்.

“இங்க வந்து அப்படியெல்லாம் பேசப்படாது. போட்டோக் கொப்பி ஒண்ணு தருவோம். எழுத்து எல்லாம் தெளிவா விழும். நூல்தான் விழாது.”

ரசீது ஒன்று தந்தார்கள். ‘கொப்பி ஒன்று. உப்பியது.’ மலர்ச்சாலையிடமிருந்து வேன் செலவைத் தனியாகப் பிரித்து, கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள்.

வீட்டில் மேசை காலியாக இருந்தது. கொப்பி கிடந்த இடத்தில் தூசி இல்லாத ஒரு சதுரம் இருந்தது. அதன் மேல் தட்டை வைக்காமல் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

மலர்ச்சாலை முதலாளி கடிதம் தந்தார். ‘மேற்படி வேன் பயணத்தில் ஒருவர் படுத்தும் ஒருவர் அமர்ந்தும் வந்தனர். அமர்ந்து வந்தவருக்குக் கட்டணம் அறவிடப்படவில்லை.’ இப்படி எழுதினால்தான் அங்கே எடுப்பார்கள் என்று அவரே சொன்னார். அவரையும் ஒருமுறை கூப்பிட்டிருக்கிறார்கள்.

அடுத்த வாரம் அதைக் கொண்டுபோனபோது பதிவேட்டு அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ரவூப் என்கிற வயதான ஊழியர் சவர பிளேட்டுடன் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் கொப்பி. ஒரு பற்றுச்சீட்டைப் பிடித்து, தையலுக்கடியில் பிளேட்டை விட்டு, மெதுவாக இழுத்தார். மேசையெல்லாம் நீல நூல் துணுக்கு.

“இது யாரோடது, உங்களோடதா?” என்றார். “வெட்ட மனசு வருதில்ல தம்பி. ரெண்டு நாளா தள்ளிப்போட்டுப் பார்த்தேன். நானும் தையக்கடையில இருந்தவன்தான். இப்படி ஒரு ஓட்டு நான் போட்டதில்ல. ஆனா ஓர்டர் வந்துட்டுது. ஏப்ரல் முடிஞ்சுது. இனி மே.”

“கொஞ்சம் நிறுத்துங்க.”

“எவ்வளவு நேரத்துக்கு?”

“தெரியாது.”

அவர் பிளேட்டைக் காகிதத்தில் மடித்தார். “நான் டீ குடிக்கப் போறேன். எங்க டீ அரை மணித்தியாலம் வரும்.”

நூல் துணுக்குகளைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டேன்.

கருமபீடத்துக்குப் போனேன். கொறற்றி இறந்த விஷயம் ஜுனைதாவுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்ததும் தலையில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு பார்வையைத் தாழ்த்தினார்.

“அன்னைக்கே செல்லியிருக்கலாமே.”

“சொல்ல வரல்ல மிஸ். அந்தக் கொப்பியை எப்படியாவது...”

அவர் விஜேந்திரனின் கதவைப் பார்த்தார். குரலைக் குறைத்தார்.

“பேணினவர் உசுரோட ஈந்தா கொப்பி அவர் கையிலதான் ஈக்கணும். அதுவும் சட்டம்தான். நாலாம் கேள்விக்கு நீங்க எழுதினதுதான் வினை.”

“திருத்தலாமா?”

“திருத்த ஏலாது. ஆனா, முதல் படிவம் பிழையா நிரப்பினதுன்னு செல்ற படிவம் ஒண்டு ஈக்கி. எனத்த எழுதுறன்னு நான் செல்ல மாட்டேன். பேனை மட்டும் தாரேன்.”

தந்தார். படிவம் பதினொன்று. அதில் பிழை என்ன என்பதை ஒரே வாக்கியமாக என் கையால் எழுத வேண்டும் என்று இருந்தது. நான் எழுதியது இது: ‘இப்பதிவேட்டில் உள்ள எழுத்து முழுவதும் என்னுடையதே அன்றி, என் மனைவியுடையது அல்ல.’

நான் காசுக்கு எத்தனையோ பொய் எழுதியிருக்கிறேன். ஜன்னல் இல்லாத அறைக்கு ‘அமைதி சூழ்ந்தது’ என்று எழுதியிருக்கிறேன். ஒரு வாக்கியத்துக்கு மூன்று தாள் கெட்டது இதுதான் முதல் தடவை. ஜுனைதா ஒவ்வொரு தாளாக எடுத்துத் தந்துகொண்டிருந்தார். கெட்ட தாளுக்கு விளக்கம் கேட்கவில்லை.

விஜேந்திரன் படிவத்தை இரண்டு முறை வாசித்தார்.

“அப்ப முதல்ல ஏன் மனைவின்னு எழுதினீங்க?”

“பழக்கத்துல சேர். வீட்டுல எல்லாத்தையும் அவங்க பேரைச் சொல்லியே பழகிட்டேன்.”

“ம். இந்த ஆபீஸ்ல யார் சொல்றதையும் நாங்க நம்பமாட்டோம், நம்பாமலும் இருக்கமாட்டோம். எழுதிக் காட்டணும்.” வெள்ளைத் தாள் ஒன்றை நகர்த்தினார். கொப்பியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். “அஞ்சு வரி. பார்க்காம. கணக்கு எழுதுற மாதிரி. டிசம்பருக்குப் பிறகு எழுத்து நடுங்குது. அதையும் எழுதணும்.”

பேனையைத் தாளில் வைத்தேன். என்ன எழுதுவது என்று யோசிக்கவில்லை. விரல் தானாகப் போனது.

‘ஒக்டோபர் 29. நோபர்ட் அலுவலகத்துக்குப் போனார். வருமானம் இல்லை.

காலையில் சாப்பிடவில்லை.

குடை எடுக்கச் சொன்னேன். எடுக்கவில்லை.’

அதோடு நிறுத்தி, டிசம்பர் எழுத்துக்கு மாறினேன். அதற்குப் பெரிதாக முயற்சி தேவைப்படவில்லை. அந்த நடுக்கமும் விரலுக்குப் பழகியிருந்தது.

‘மழை வரும்.

பரவாயில்லை. கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.’

விஜேந்திரன் பூதக்கண்ணாடி எடுத்தார். ஒரு வரி இங்கே, ஒரு வரி அங்கே. நெடுநேரம் பார்த்தார். மூன்றாவது வரியில் நிறுத்தினார்.

“‘சொன்னேன்’னு இருக்கே. யாரு சொன்னது?”

“நான்தான் சேர்.”

“உங்களுக்கே சொல்லிக்கிட்டீங்களா?”

“ஆமா.”

“சொல்லியும் எடுக்கல.”

“இல்ல.”

“எழுத்தாளருங்க இப்படித்தான்,” என்று சரி அடையாளம் போட்டார். “ஒரே கைதான். சந்தேகமே இல்ல. பார்த்தீங்களா தம்பி? முதல்லயே உண்மையைச் சொல்லியிருந்தா ஏப்ரல் பிழைச்சிருக்கும். ஆளுங்க பொய் சொல்லுவாங்க. எழுத்து பொய் சொல்லாது. அதனாலதான் நாங்க ஆளுங்களோட வச்சுக்கிறதில்ல.”

சான்றிதழ் தயாரானது. வரியின்மை உறுதிப்படுத்தப்பட்டது. மரண அறிவித்தல், வருமானம் ஆயிரத்து ஐந்நூறு, பதிவு செய்யத் தவறியவர் நோபர்ட். பதிவேட்டைப் பேணியவர் நோபர்ட். அதற்குக் கீழே ஏற்கனவே அச்சடித்த ஒரு வரி: ‘வேறு எவரும் இல்லை.’ அதன் மேல் முத்திரை குத்தினார். கொஞ்சம் சரிந்து விழுந்தது. மறுபடி குத்தினார்.

“ஏப்ரல் மாசத்தைப் பழையபடி தைச்சு, பதினாலு நாளுக்குள்ள கொண்டாந்து காட்டணும். இனி ஒவ்வொரு வருஷமும் இதே எழுத்து, இதே தையல். மாறினா வேற ஆள்னு எடுத்துக்குவோம். விசாரணை வரும்.”

“ஒவ்வொரு வருஷமுமா சேர்?”

“நீங்க இருக்கிற வரைக்கும்.”

நான் எழுதிய அந்த ஐந்து வரித் தாளைக் கேட்டேன். அது அலுவலகத்துக்குச் சொந்தம் என்றார்.

வெளியே மழை. கொப்பியைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ் நிலையம் வரை நடந்தேன்.

வீட்டுக்கு வந்து மெஷினின் மூடியை எடுத்தேன். பெப்ரவரிக்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பொபினில் அவள் சுற்றிய நீல நூல் பாதி இருந்தது. அதைக் கழற்றி, அவளுடைய மூக்குக்கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தேன். அடுத்த நாள் கடைக்குப் போய் நீல நூல் ஒன்றும் வெறும் பொபின் ஒன்றும் வாங்கினேன். பில் கேட்டேன். இதுக்கெல்லாமா பில் என்று கடைக்காரர் சிரித்தார். எழுதித் தந்தார்.

முதல் நான்கு பற்றுச்சீட்டும் கோணல். பிரித்துப் பார்த்தபோது, தாளில் அவளுடைய ஊசித் துளைகள் அப்படியே இருந்தன. அதன் பிறகு மிதிக்கவில்லை. சக்கரத்தைக் கையால் சுற்றி, ஊசியை ஒவ்வொரு துளையாகப் பார்த்து இறக்கினேன். ஏப்ரல் மாதம் முடிய ஐந்து நாள் எடுத்தது.

ஆறாம் நாள் ஒரு புதுக் கொப்பியின் முதல் பக்கத்தில் நூல்கடைப் பில்லை வைத்துத் தைத்தேன். அதில் துளை எதுவும் இருக்கவில்லை. பக்கத்தில் அவளுடைய எழுத்தில் எழுதினேன்.

‘நூல் ஒன்று, பொபின் ஒன்று. நோபர்ட் தைத்தார். கோணல். கணக்கில் சேராது.’